கெண்டைக் கோட்டையிலிருந்து சிவப்பு மைதானம் வரை: ஹிரோஷிமாவில் ஒரு நாள் யாத்திரை

ஜப்பானின் ஹிரோஷிமா கார்ப் (கெண்டைமீன் என்று பொருள்) அணியின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரயில் நிலையத்தில் இறங்கி நேரே மைதானத்துக்கு நடந்துவிடுகிறார்கள். ஆட்டம் கிடைக்கும், ஊர் கிடைக்காது. இந்த அணி எந்த மண்ணில் முளைத்தது என்பது தெரிய வேண்டுமானால் காலையில் கோட்டைக்குள் இருக்கும் கோகோகு கோயிலில் தொடங்க வேண்டும். அங்கிருந்து பழைய மைதானம் இருந்த இடத்தையும் அமைதி நினைவுப் பூங்காவையும் தரிசித்துவிட்டு, மாலையில் அணியின் இப்போதைய மைதானமான மாஸ்டா ஸ்டேடியத்துக்கு வந்து சேரலாம். வாரநாள் ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை 6 மணிக்குத்தான் தொடங்குவதால் அவசரப்பட வேண்டியதில்லை.

அகழிப் பாலத்தைத் தாண்டிக் கோட்டை முன்வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு யூகலிப்டஸ் மரத்தின் முன் சற்று நில்லுங்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது, வெடிப்பு மையத்திலிருந்து 740 மீட்டர் தூரத்தில் நின்று பிழைத்த மரம் அது. கோட்டைக் கோபுரம் அன்று சரிந்து விழுந்தது; இப்போது இருப்பது 1958-இல் திரும்பக் கட்டியது. கெண்டைமீன் கோட்டை என்ற இதன் மறுபெயரைத்தான் அணி தன் பெயராக எடுத்துக்கொண்டது.

இன்னும் உள்ளே போனால், ஜப்பானின் பழஞ்சமயமான ஷிந்தோவைச் சேர்ந்த கோகோகு கோயில். இங்கே குடிகொண்டிருப்பது பெருந்தெய்வம் அல்ல. போர்களில் மாண்ட சுமார் 92 ஆயிரம் பேரின் ஆன்மாக்கள். வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த இடங்களில் அணுகுண்டுக்குப் பலியான பள்ளிப் பிள்ளைகளும் இளம்பெண்களும் அவர்களில் அடக்கம். அந்த நினைவோடுதான் கைகூப்ப வேண்டும்.

தோரி எனும் நுழைவு வளைவின் முன் ஒருமுறை தலைவணங்கி, பாதையின் ஓரமாக நடங்கள். நடுப்பாதை தெய்வத்துக்கு உரியது. தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் ஒருமுறை மொண்டு, அந்த நீரிலேயே இடக்கை, வலக்கை என்று கழுவுங்கள். பிறகு இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாயைக் கொப்பளித்து, மறுபடி இடக்கையைக் கழுவி, மிச்ச நீர் கைப்பிடியில் வழியும்படி அகப்பையை நிமிர்த்திப் பிடித்து வையுங்கள். பலர் அகப்பையிலேயே வாய் வைத்துவிடுகிறார்கள். அடுத்தவரும் தொடும் அகப்பை அது, எச்சில் படக்கூடாது. உண்டியலில் நாணயம் இட்டபின் இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை வணங்குவது முறை.

ஒவ்வோர் ஆண்டும் சீசன் தொடங்கும் முன் கார்ப் அணியினர் இந்தச் சன்னதிக்கு வந்து வெற்றிக்கான பூஜையில் அமர்கிறார்கள். வளாகத்தில் இருக்கும் கெண்டைமீன் சிலைகளையும் பக்தர்கள் தொட்டு வணங்குகிறார்கள். வேண்டுதலை எழுதித் தொங்கவிட மரப்பலகை கிடைக்கும். போன ஆண்டு வாங்கிய ரட்சையைக் குப்பையில் போடாமல் கோயிலிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தல வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1868-இல் தோன்றிய இந்தக் கோயில் 1934-இல் நகர நடுவிலிருந்த ராணுவ அணிவகுப்புத் திடலுக்கு மாறியது. குண்டு ஏறக்குறைய நேர் மேலே வெடித்ததால் கட்டடம் அழிந்தும் கல் தோரி மட்டும் விழாமல் நின்றது. அதைக் கோட்டை வளாகத்தில் இன்றும் பார்க்கலாம். கோயில் 1956-இல் கோட்டைக்குள் எழுந்தது. அது முன்பு இருந்த பகுதியில் 1957-இல் நகராட்சி பேஸ்பால் மைதானம் வந்தது. சன்னதி இருந்த மண்ணில்தான் கார்ப் அரை நூற்றாண்டு ஆடியது.

அந்த இடம் இப்போது ஹிரோஷிமா கேட் பார்க். கோயிலிலிருந்து தெற்கே கால்மணி நேர நடைதான். தெருவுக்கு எதிரிலேயே, குண்டில் சிதைந்தும் நிற்கும் அணுகுண்டு நினைவுக் குவிமாடம். இங்குள்ள ‘ஷோரி நோ மோரி’ தோப்பைத் தவறவிடாதீர்கள். கார்ப் வீரர் கினுகாசா சச்சியோவின் தொடர் ஆட்டச் சாதனைக் கல் இங்கே இருக்கிறது. 1979-இல் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்த மறுநாளே களம் இறங்கி, மூன்று பந்துகளுக்கும் மட்டையை முழுவீச்சில் சுழற்றி ஆட்டமிழந்தவர் அவர். தொடர்ந்து 2,215 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார்.

பெருநிறுவன முதலாளி யாரும் இல்லாமல் 1949-இல் பிறந்த அணி இது. 1951-இல் சம்பளம் கொடுக்கக்கூடப் பணமின்றிக் கலைக்கப்படும் நிலை வந்தபோது, பயிற்சியாளர் இஷிமோட்டோ ஷூயிச்சி மக்களிடம் கையேந்தினார். மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாய்கள் வைக்கப்பட்டன. வீடிழந்து, உறவிழந்து நின்ற மக்கள் அவற்றில் காசு போட்டு அணியைக் காப்பாற்றினார்கள். 1975 அக்டோபர் 15 அன்று முதல் லீக் பட்டம் வந்தது. வெற்றி ஊர்வலத்தில் இறந்தவர்களின் படங்களை ஏந்தி நின்றவர்கள் உண்டு. வீரர்களைப் பார்த்துக் கைகூப்பிய முதியவர்களும் உண்டு. இதற்கு மேல் ஒரு அணிக்கும் ஊருக்கும் என்ன பந்தம் வேண்டும்!

அமைதி நினைவுப் பூங்காவில் வளைந்த கல் நினைவகத்தின் முன் நின்றால், அதன் ஊடே அணையா விளக்கும் குவிமாடமும் ஒரே நேர்கோட்டில் தெரியும். இங்கே கைதட்டக் கூடாது. அது ஷிந்தோ கோயில் முறை. நினைவகத்தில் மௌனமாகக் கைகூப்புவது மட்டுமே.

குவிமாடத்தருகே டிராம் ஏறினால் ஹிரோஷிமா ரயில் நிலையம். குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் மீண்டும் ஓடத் தொடங்கிய டிராம் இது. கட்டணம் இறங்கும்போது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் தெற்கு வாசலிலிருந்து கார்ப் ரோடு வழியே பத்து நிமிடம் நடந்தால் ஸ்டேடியம். சரக்கு ரயில் யார்டு இருந்த இடத்தில் 2009-இல் திறந்தார்கள். இடதுபுறம் அரங்கைத் திறந்தே விட்டிருப்பதால் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடுவது உள்ளிருந்தே தெரியும்.

டிக்கெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சீசன் முழுவதற்குமான விற்பனை மார்ச் வாக்கிலேயே தொடங்கிவிடும்; வார இறுதி ஆட்டங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கார்ப் பக்கம் முதல் பேஸ் பக்கம், அதாவது மட்டையாளருக்குப் பின்னிருந்து பார்த்தால் வலப்புறம். எதிரணிச் சட்டையோடு கார்ப் ரசிகர் பகுதியில் உட்காரக் கூடாது. கேன், கண்ணாடிப் பாட்டில்களுக்கு அனுமதி இல்லை. கூரை குறைவு, பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் மறையுமென்பதால் குடை விரிக்க முடியாது, மழைக்கோட்டு கொண்டு போங்கள். சைவர்கள் கவனிக்க: பழைய மைதானக் காலத்திலிருந்தே புகழ்பெற்ற கார்ப் உடோன் நூடுல்ஸின் சாறு மீனில் காய்ச்சியது. இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. காலையிலேயே பழம், ரொட்டி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆகஸ்ட் 6-ஐ ஒட்டிப் போகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டும். காலை 8 மணிக்குப் பூங்காவில் நினைவஞ்சலி. அந்த நாளையொட்டிக் கார்ப் சொந்த மைதானத்தில் அமைதி ஆட்டம் நடத்துவது வழக்கம். எழுபது ஆண்டு நிறைந்த 2015-இல், ஆகஸ்ட் 6 அன்று பயிற்சியாளர் முதல் கடைசி வீரர் வரை எல்லாரும் எட்டாம் மாதம் ஆறாம் தேதியைக் குறிக்கும் 86 என்ற ஒரே எண்ணை முதுகில் அணிந்து களம் இறங்கினார்கள்.