பாஸ்புக்கில் விழுந்த ஆறாயிரம்

2011 அக்டோபர். பெருந்துறைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் டெபாசிட் பிரிவில் இருந்தேன். மஞ்சள் விவசாயி ஒருவர் ஒன்றரை லட்சத்துக்கான ரசீதை மேசையில் வைத்து, "இதைய முடிச்சுக் குடுத்துருங்க தம்பி" என்றார். முதிர்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது. இப்போது எடுத்தால் வட்டியில் ஒரு சதவீதம் பிடித்துவிடுவோம் என்றேன். "புடிச்சுக்குங்க" என்றார். ரசீதின் பின்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பணம் எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. அந்த வருடம் எங்கள் கிளையில் பாதியில் டெபாசிட்டை எடுத்தவர்களில் பலருக்கும் காரணம் ஒன்றுதான். ஈமு.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈமு என்பது ஆஸ்திரேலியாவின் பறக்காத பெரிய பறவை. பெருந்துறையில் எம்.எஸ்.குரு என்பவர் நடத்திய சுசி ஈமு ஃபார்ம்ஸ்தான் இந்த அலையில் பெரிய பெயர். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சுகள் தருவார்கள். கொட்டகை, தீவனம் அவர்கள் பொறுப்பு. வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய், வருடம் 20,000 ரூபாய் போனஸ். இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணமும் திரும்ப வரும். தோட்டம் இல்லாதவர்களுக்கும் ஒரு திட்டம் இருந்தது. பறவையைக் கம்பெனியே வளர்க்கும், மாதாமாதம் பணம் மட்டும் வரும். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். அதைப் பார்த்து வரிசையாகப் புதுப்புது ஈமுக் கம்பெனிகள் முளைத்தன.

ஒரு வருடத்துக்கு 92,000 ரூபாய். போட்ட பணத்தில் அறுபது சதவீதத்துக்கும் மேல். நாங்கள் அப்போது கொடுத்தது சுமார் ஒன்பது சதவீதம்; அதே பணத்துக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம்.

பேராசை பிடித்தவர்கள், நன்றாகப் பட்டார்கள் என்று அப்புறம் பலர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அந்தப் பெரியவரின் நிலைமை எனக்குத் தெரியும். 2010-ல் குவிண்டால் பதினைந்தாயிரத்தைத் தாண்டி விற்ற மஞ்சள், அடுத்த வருடமே சரியத் தொடங்கியது. 2012-ல் நாலாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. களை எடுக்க ஆள் கிடைக்காது. இளவட்டங்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சிப்காட்டுக்கோ போய்விட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர், அரை ஏக்கரில் கம்பி வேலி போட்டு ஆறு பறவைக்குத் தீனி வைத்தால் மாதச் சம்பளம் போல் ஒரு தொகை வரும் என்றால் ஆசைப்படத்தான் செய்வார். ஆசை அந்தப் பக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொருவரின் முதலீட்டை எடுத்து வேறொருவருக்கு வட்டி என்று கொடுத்தவனின் பேராசையையும், மஞ்சளில் நட்டப்பட்டவரின் ஆசையையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது.

பெரியவர் போட்டது சுசியில் இல்லை, பின்னால் முளைத்த கம்பெனி ஒன்றில். நவம்பரிலிருந்து மாதாமாதம் ஐந்தாம் தேதி வாக்கில் வருவார். பாஸ்புக்கை நீட்டுவார். பிரிண்டர் கரகரவென்று ஓடி ஒரு வரி அடிக்கும்: 6,000.00 வரவு. மை காயாத வரியை விரலால் தொடாமல் ஓரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போவார்.

நான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த ஒரு வரியைத்தான். விளம்பரத்தை ஊர் முழுசாக நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. நம்பியது பாஸ்புக்கை. அரசாங்க வங்கியின் முத்திரை போட்ட புத்தகத்தில், எங்கள் பிரிண்டரில் அடித்து வந்த வரி பொய்யாக இருக்குமா? பொய்யில்லைதான். பணம் வந்தது நிஜம். எங்கிருந்து வந்தது என்று அந்த வரியில் இருக்காது.

2012 மார்ச்சில் பெரியவர் பக்கத்துத் தோட்டத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் இல்லை, மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம். "எனக்குத் தவறாம வருதுங்க, அதான் இவங்களுக்கும் சொன்னேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது. கமிஷனுக்காகச் சொன்னவரும் இல்லை. ஏஜெண்ட் வந்து சொல்லியிருந்தால் அந்த அம்மா நாலு பேரிடம் விசாரித்திருப்பார். சொன்னது பெரியவர் என்பதால் விசாரிக்கவில்லை. அந்த ரசீதையும் நான்தான் முடித்துக் கொடுத்தேன்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனியின் நடப்புக் கணக்கு எங்கள் கிளையில்தான் இருந்தது. வருட முடிவு டார்கெட்டுக்கு அந்த பேலன்ஸ் பெரிய உதவி. ஒருநாள் அவர்கள் கேட்டதற்காக மூன்று மாத ஸ்டேட்மெண்ட் எடுத்தேன். தாள் தாளாக வந்தது. வரவுப் பக்கம் ஒன்றரை லட்சம், மூன்று லட்சம், ஒன்றரை லட்சம். பற்றுப் பக்கம் ஆறாயிரம், ஆறாயிரம், ஆறாயிரம். இறைச்சி வாங்கிய ஓட்டல் கொடுத்த பணம் என்றோ, ஈமுக் கொழுப்பு எண்ணெய் வாங்கிய கம்பெனி கொடுத்த பணம் என்றோ ஒரு வரவு இல்லை. பார்த்தேன். தொழில் புதுசு, குஞ்சு பெருத்த பிறகு விற்பனை வரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தாள்களை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன்.

ஒரு வாடிக்கையாளரின் கணக்கை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. அது விதி, சரியான விதியும்கூட. ஆனால் பெரியவரிடம், "ஐயா, இந்த ஈமுவை யாரு வாங்கித் தின்கிறாங்க? நம்ம ஊர்க் கடையில எங்காவது தொங்கிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்க எந்த விதி தடுத்தது? முட்டை குஞ்சாகி, குஞ்சு அடுத்த ஆளுக்கு விலையாகி, அவர் கட்டிய பணம் முந்தியவருக்கு மாதக் கூலியாகிக்கொண்டிருந்தது. புது ஆள் வருவது குறைந்த மாதம் எல்லாம் நின்றுபோகும். இது தெரிய ஆடிட்டராக இருக்க வேண்டியதில்லை.

2012 ஆகஸ்டில் சுசியின் அலுவலகங்கள் பூட்டப்பட்டன; குரு கைதானார். மற்ற கம்பெனிகளும் அடுத்தடுத்துச் சரிந்தன. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க ஈரோட்டில் கூட்டம் நின்றது. 1997-ல் வந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குகள் நடந்து, கோவை சிறப்பு நீதிமன்றம் பின்னாளில் குருவுக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பணம் கட்டியவர்களுக்கு அதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன.

பெரியவருக்கு எட்டு மாதம் வந்திருந்தது, அந்த அம்மாவுக்கு மூன்று மாதம்.

அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தோட்டத்துக்குப் போனேன். தீவன வண்டி நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த ஆறு பறவைகளும் வேலியோரம் வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. கூண்டுக்குள் கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட உத்தரவிட்டிருந்தது. இவர் தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. மாட்டுக்கு வைத்திருந்த மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "இதுகள்ல ஆம்பளைதான் அடை படுக்குமாமுங்க. எட்டு வாரம் தீனிகூட எடுக்காம உக்காந்திருக்குமாம். அவன் வந்து சொல்லிக் குடுத்தான். அதெல்லாம் நெசந்தானுங்களா தம்பி?" என்றார். நிஜம்தான் என்றேன். அவர்கள் சொன்னதில் எது நிஜம், எது பொய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. பக்கத்துத் தோட்டத்து வீட்டுக் கதவு எங்களைக் கண்டதும் சாத்திக்கொண்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் ஒன்றரை வருடம் அவர் கிளைப் பக்கம் வரவில்லை. 2014 தொடக்கத்தில் வந்தார். ஆர்.டி. போட வேண்டும் என்றார். மாதம் 2,500 ரூபாய், அஞ்சு வருடம். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். வட்டி சேராமலே ஒன்றரை லட்சம்.

"உங்களுக்குத்தானுங்களே?"

"பேரு என்னுதுதான். முடியறதுக்குள்ள எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்களுக்குப் போகோணும்" என்று பக்கத்துத் தோட்டத்து அம்மாவின் பெயரைச் சொன்னார்.

"அவங்க கேட்டாங்களா ஐயா?"

"பேச்சே இல்லீங்க. ஆனா சொன்னது நானுங்களே."

படிவத்தை நான்தான் நிரப்பினேன். நாமினி பெயருக்குக் கீழே உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவை அங்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பக்கத்துத் தோட்டம்னு போடுங்க" என்றார்.