நெட் இயற்பியல்: ஒரு மைனஸ் குறியில் போன வருடம்

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை, கிடைத்துவிட்டது. போன தடவை கட்-ஆஃபுக்கு அஞ்சு மார்க் குறைந்து வெளியே நின்றவன் நான். இந்தப் பதிவு முழுக்க அந்த எரிச்சல்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுத் திறன் கேள்விகள் வரும் பார்ட் ஏ-க்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்; இரண்டு தடவையும் தப்பிப் பிழைத்த கதைதான்.

போன தடவை, கேள்விக்கு 5 மார்க் உள்ள பார்ட் சி-யில் ஒரு சார்பியல் கணக்கு. கடைசியில் இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே காலத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் இடைவெளியின் வர்க்கம் மைனஸில் வந்தது. மைனஸ் என்றால் ஸ்பேஸ்லைக் (ஒன்றிலிருந்து மற்றொன்றை ஒளிகூட எட்டாது) என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன். மெட்ரிக், அதாவது அந்த வர்க்கத்தில் காலத்துக்கும் மூன்று திசைகளுக்கும் என்ன குறி என்பது, (−,+,+,+) என்று கேள்வியிலேயே போட்டிருந்தது. அதில் மைனஸ் என்றால் டைம்லைக், அதாவது சிக்னல் எட்டும். வரவேண்டிய 5 போச்சு, நெகட்டிவில் இன்னொரு 1.25. மொத்தம் 6.25!

எம்எஸ்சியில் எங்களுக்கு வந்த நோட்ஸ், நான்காவது அச்சை ஐ-சி-டி (கற்பனை எண் ஐ, ஒளிவேகம் சி, காலம் டி மூன்றின் பெருக்கல்) என்று எழுதும் பழைய பாணி. கற்பனை எண்ணை அச்சுக்குள் ஒளித்துவிட்டால் நான்கு அச்சும் ஒரே ஜாடை. காலம் எங்கே தனித்து நிற்கிறது என்றே தெரியாது. அப்புறம் நானாகப் படித்த இரண்டு புத்தகங்களும் ஒரே ஆசிரியர் எழுதியவை. மின்னியக்கவியலில் காலத்துக்கு மைனஸ், துகள் இயற்பியலில் ப்ளஸ். அவர் தெளிவாகச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். கலந்தடித்தது நான்.

இந்தத் தடவை ரஃப் ஷீட் கைக்கு வந்ததும் முதல் வரியாக எழுதியது: இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே 3 வினாடி, 2 ஒளிவினாடி (ஒளி 2 வினாடியில் போகும் தூரம்). 3 வினாடியில் ஒளி 3 ஒளிவினாடி போய்விடும், சிக்னல் எட்டும், ஆகவே டைம்லைக். இதற்கு மெட்ரிக்கே தேவையில்லை. இப்போது கேள்வியில் கொடுத்த மெட்ரிக்கில் போடுங்கள். −9+4 = −5 வந்தால் அந்தக் கேள்விக்கு மைனஸ்தான் டைம்லைக். (+,−,−,−) என்றால் +5. எதில் போட்டாலும் சொந்த நேரம் (ஒரு நிகழ்விலிருந்து மற்றதற்குச் சீராகப் போகும் கடிகாரம் காட்டுவது) ரூட் 5 வினாடிதான். பத்து விநாடி வேலை. மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனி துண்டு துண்டாக:

- எந்தக் குறி என்பது வெறும் வழக்கம். நான்கில் ஒன்று மட்டும் மாறி நிற்பதுதான் இயற்பியல்.
- மெட்ரிக்கை அணியாக எழுதும்போது மூலைவிட்டம் பூஜ்யமாக இருந்தால் பதறாதீர்கள். சி = 1 வைத்து, யூ = டி + எக்ஸ், வி = டி − எக்ஸ் என்று மாற்றினால் அப்படித்தான் வரும். குறியைப் பார்க்க அந்த அணியின் ஐகன் மதிப்புகளை எடுங்கள்: ஒன்று ப்ளஸ், ஒன்று மைனஸ். யூ, வி இரண்டுமே காலம் இல்லை. இரண்டும் ஒளியின் திசைகள்.
- 4 பரிமாணத்தில் மெட்ரிக்கின் டிடர்மினன்ட் (அணிக்கோவை) மைனஸ் என்றால் ஒரு குறி மட்டும் தனித்து நிற்கிறது என்று அர்த்தம், எந்த வழக்கமானாலும். 3 பரிமாணத்தில் இந்தக் குறுக்குவழி செல்லாது.
- டி என்று பெயர் வைத்ததாலேயே அது காலம் ஆகிவிடாது. ஸ்வார்ஸ்சைல்ட் கருந்துளையின் (சுழலாத எளிய கருந்துளை) எல்லைக்குள்ளே டி-யும், மைய தூரத்தைக் குறிக்கும் ஆர்-உம் குறியை மாற்றிக்கொள்ளும். உள்ளே ஆர் குறைவது நமக்கு நாளை விடிவது மாதிரி, நிறுத்த முடியாது. இது நெட் சிலபஸில் இல்லை. பிஎச்டி நேர்முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாக் டெஸ்ட் நிறைய எழுதச் சொல்வார்கள். நான் எழுதியது நாலே நாலு. தப்பாகப் போன ஒரே கணக்கை மூன்று நாள் சுமந்து திரிகிற ஆள் நான். குரூப் ஸ்டடியும் ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவந்தால் போங்கள்.

நேற்று ஒரு ஜூனியர் அந்த ஐ-சி-டி நோட்ஸைக் கேட்டான். எடைக்குப் போட்டாச்சு என்று பொய் சொல்லிவிட்டேன்.