ஒப்பாரிக் கோச்சியில் வந்தவர்களைப் பதிவு செய்வது எப்படி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குரலைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது இருபது வயதில் இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு அரசுகளும் போட்ட கணக்கு அது. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கெல்லாம் ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று ஏன் பெயர் வந்தது என்பதை மட்டும் அதில் ஏறி வந்தவர்களிடம்தான் கேட்க முடியும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று டான்டீயின், அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகத்தின், தோட்டங்கள் உள்ள ஊர்களில் இன்னும் அவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு கெடுவது பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே. "நீங்க எந்த வருஷம் வந்தீங்க?" என்று ஆரம்பித்தால், பேசுபவர் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் ஆளாகிவிடுவார். இத்தனையாம் வருடம், இத்தனை பேர், இன்ன தோட்டம் என்று பதில் மனு மாதிரி வரும். அந்த வருடமும் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டு மறந்து போகும். எதற்குப் பின் எது நடந்தது என்பது அவ்வளவு லேசில் மறக்காது. அதனால் ஆண்டைக் கேட்காமல் பக்கத்தில் நடந்ததைக் கேட்க வேண்டும். "நீங்க கிளம்புறப்ப மூத்தவன் நடந்துகிட்டு இருந்தானா, கைப்பிள்ளையா?" என்று கேட்டால் பிள்ளையின் வயதை வைத்து ஆண்டை நெருங்கிவிடலாம். "தோட்டத்தைக் கம்பெனி வெச்சிருந்தப்பவா, கவர்மெண்டு எடுத்ததுக்கு அப்புறமா?" என்று கேட்டால் 1975க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும், கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமை ஆனது அந்த ஆண்டு. அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற பஞ்ச காலம் என்றால் 1973, 74. கலவரத்துக்குப் பிறகு என்றால் அங்கேயே நிறுத்தி, எந்தக் கலவரம் என்று கேட்க வேண்டும். 1977, 1981, 1983 மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக நினைவில் படிந்திருக்கும்.

இறங்கிய இடம் இன்னொரு நல்ல சோதனை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை தலைமன்னார் கப்பல் அங்கேதான் வந்தது. அதற்குப் பிறகு ராமேஸ்வரம். ஒப்பந்தப்படி ஆட்களை அனுப்பும் வேலை தொடங்கியதே சில ஆண்டுகள் கழித்துத்தான். ஆகவே ஒப்பந்தத்தில் வந்த ஒருவர் "தனுஷ்கோடியில இறங்குனோம்" என்றால், அவர் சொல்வது தாத்தாவோ அப்பாவோ வந்துபோன பழைய பயணமாக இருக்கலாம். குடும்பத்தில் பலமுறை கேட்ட கதை சொந்த நினைவோடு கலந்துவிடுவது சகஜம். அதற்காக அவரைத் திருத்தக் கூடாது. "அந்தப் பயணத்துல கூட யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் அவரே பிரித்துச் சொல்லிவிடுவார். ராமேஸ்வரத்துக்கு வந்த ராமானுஜம் கப்பல், இறங்கியதும் தங்கிய மண்டபம் முகாம் என்று பேச்சு போனால் அது அவருடைய சொந்தப் பயணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

காகிதத்தைப் பதிவின் தொடக்கத்தில் எடுக்கச் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டால் பேச்சு அதையே வாசிப்பதாகிவிடும். ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு, மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். பெட்டி திறக்கும் சத்தமும், பழைய போட்டோவைப் பார்த்ததும் மாறும் குரலும் தானாகக் கிடைக்கும். முத்திரையில் உள்ள தேதியை அப்போது சரிபார்த்துக்கொள்ளலாம். ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் தெரியும்படி எங்கும் போடாதீர்கள்.

கருவிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கையடக்க ரெக்கார்டர் ஒன்று, காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று, சட்டையில் மாட்டும் மைக் ஒன்று போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, மோனோ (ஒற்றைத் தடம்). இப்படி வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். 32 ஜிபி அட்டை ஒன்று பல நாளுக்குத் தாங்கும். எம்பி3யில் பதிவு செய்து இடத்தை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. சத்தம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி வையுங்கள். அழுகையும் சிரிப்பும் திடீரென்று ஏறும். மைனஸ் 3இல் ஓட்டினால் அந்த இடம்தான் உடைந்து போகும், உடைந்ததை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

சட்டை மைக்கைப் புடவையில் மாட்டும்போது கவனம் தேவை. முந்தானை உரசும், தாலிச்சரடு மைக்கில் தட்டும், கையை ஆட்டிப் பேசினால் வளையல் ஒலிக்கும். வளையல் சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும், அது ஆளின் சத்தம். சரடு தட்டுவது மட்டும் கேட்கச் சகிக்காது. மைக்கை மறுபக்கத் தோளில், மோவாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, வயரில் ஒரு சுற்று விட்டு டேப்பால் ஒட்டினால் போதும். மைக்கை வீட்டில் உள்ள பெண்ணிடம் கொடுத்து மாட்டச் சொல்வதுதான் முறை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் எதிரொலி பெரிய தொல்லை இல்லை. அறை சிறியது, துணி, பாய், கம்பளி எல்லாம் சத்தத்தைக் குடித்துவிடும். எதிரி தகரக் கூரை. மழை விழுந்தால் பதிவு அத்தோடு முடிந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகவே வேண்டாம். கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் ஆகாது. ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு பக்கமும் சரிப்படும். காலை பத்து மணிக்கு மேல் கொழுந்து எடுக்கிறவர்கள் மலைக்குப் போயிருப்பார்கள், லைன் அமைதியாக இருக்கும். சாயங்காலம் பக்கத்து வீட்டு சீரியல் சுவரைத் தாண்டி வரும். ஃப்ரிட்ஜ் இருந்தால் அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். எல்லாம் முடிந்ததும், யாரும் பேசாமல் அதே அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் போட அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் பள்ளமாகக் கேட்கும்.

பேட்டி எடுப்பவரின் வாயும் ஒரு பிரச்சினை. "ம்", "ஆமாங்க", "அப்படிங்களா" என்று நாம் பழக்கத்தில் போடும் ஒவ்வொரு சத்தமும் அவர் சொல்லின் மேல் விழும், பிறகு பிரிக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். மைக்கைப் பார்த்ததும் முதல் பத்து நிமிடம் எல்லோரும் மேடைத் தமிழுக்குப் போவார்கள். திருத்த வேண்டாம். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) எத்தனை மணிக்குத் தப்பு அடிப்பார்கள், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை யார் தீட்டுவார்கள், கணக்கப்பிள்ளை எடையில் எவ்வளவு பிடித்துக்கொள்வார் என்று கை செய்த வேலையைக் கேட்டால் பேச்சு தானாக இறங்கிவிடும்.

பிறகு எழுத்து வேலை. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பேசியபடியே எழுத வேண்டும். "போனேன்"ஐ "சென்றேன்" ஆக்கினால் அப்புறம் கோப்பில் தேடும்போது கிடைக்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரப் பதிவிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து நிமிடக் கதை எடுத்தால் அது நல்ல அளவு. ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதும். வெட்டும்போது பேசுபவரின் மூச்சுச் சத்தத்தை அப்படியே விட்டுவையுங்கள். மூச்சில்லாத பேச்சு பொம்மை பேசுவது போலிருக்கும். இரண்டு வேறு நாட்களில் நடந்ததை ஒட்டி ஒரே சம்பவமாக்குவது மட்டும் கூடவே கூடாது. கதையின் வரிசையை மாற்றினால் இடையில் உங்கள் குரலில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பின்னணிச் சத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒப்பாரிக் கோச்சி பற்றிப் பேசும் இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று நீலகிரி மலை ரயிலின் சத்தத்தைப் போடத் தோன்றும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் வண்டி அது. அந்தச் சத்தமே வேறு. தலைமன்னார் ரயிலில் வந்தவர் கேட்டால் சிரிப்பார். இல்லாத சத்தத்தை இட்டு நிரப்புவதைவிட அந்த இடத்தைக் குரலுக்கே விட்டுவிடலாம். சோக வயலினும் வேண்டாம். இன்றைய தோட்டத்தின் சத்தம், கத்தரியில் கொழுந்து வெட்டுவது, எடை போடும் இடத்துச் சலசலப்பு, தொழிற்சாலைச் சங்கு, இவற்றை இன்றைய காட்சிக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

வர்ணனையில் எண்ணைக் குறையுங்கள். கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. ஐந்தேகால் லட்சம் என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும். முடிவில் சத்தத்தின் அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு), மோனோவானால் மைனஸ் 19க்குக் கொண்டுவாருங்கள். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3யில் பதினைந்து நிமிடம் ஏழு எம்பி சொச்சம்தான் வரும். மலையில் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்கு அதுவே இறங்கும்.

சம்மதத்தை இரண்டு முறை வாங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் வாய்மொழியாக ஒருமுறை. வெட்டி முடித்ததைக் கேட்க வைத்த பிறகு இன்னொரு முறை. முதலில் சரி என்றவர் மருமகள் முன்னால் கேட்டதும் ஒரு பகுதியை எடுக்கச் சொல்லலாம். எடுத்துவிட வேண்டும், வாதம் கூடாது. 1983க்குப் பிறகு அகதியாக வந்தவர்களிலும் மலையகத்தார் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களின் பெயர், முகாம், வந்த வழி எதுவும் வெளியே போகக் கூடாது. குரலை மாற்றிப் போடுவது அரைகுறைப் பாதுகாப்புதான். ஊர்க்காரர்கள் பேச்சு நடையிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் பதிவை வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடாதீர்கள்.

வெட்டாத முழுப் பதிவை மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, ஊர், வரிசை எண் இருக்கட்டும், ஆளின் பெயர் வேண்டாம். அது தனி நோட்டில். குடும்பத்துக்குக் கொடுப்பதை இணைப்பாக அனுப்பாமல் நேரில் போய் அவர்கள் போனிலேயே ஏற்றிக் கொடுங்கள். பதினைந்து நிமிடக் கதையோடு ஒன்றரை மணி நேர முழுப் பேச்சையும் சேர்த்தே கொடுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கப் போவது அதைத்தான்.