மூக்குக் குழாயிலிருந்து த்ராட்டில் வரை: பழைய காருக்கு ஓர் இன்டேக் கிட்

ஜனவரி 5

வேலைக்கு எடுத்திருப்பது 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு பெட்ரோல் எஞ்சின். மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷன், எஞ்சினுக்குப் போகும் காற்றை அளக்க, ஸ்பிரிங்கில் ஆடும் மடல் வைத்த பழைய பாணி ஏர் ஃப்ளோ மீட்டர். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைத் தொடப்போவதில்லை. த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டரோடு திறந்து மூடும் காற்று வால்வு) முன்னால் இருக்கும் காற்றுப் பாதை மட்டும்தான் இந்தக் கிட்.

முதலில் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 5500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4400 லிட்டர். நிரம்பும் திறன் 85% என்று வைத்தால் 3740 லிட்டர், அதாவது வினாடிக்கு 62 லிட்டர் சொச்சம். வெளிக்காற்று முதலில் நுழையும் கம்பெனி மூக்குக் குழாயின் உள்விட்டம் 45 மி.மீ. அதற்குள் காற்று வினாடிக்கு 39 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். 65 மி.மீ. குழாயில் அதே காற்றுக்கு 19 மீட்டர் போதும். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வேகம் பாதியானால் இழப்பு கால்வாசி. காகிதத்தில் இவ்வளவு நன்றாக இருக்கும் எதையும் அளக்காமல் நம்பக் கூடாது.

ஜனவரி 7

அளக்கும் முன் வண்டி கம்பெனி நிலைக்கு வந்தாக வேண்டும். இல்லையென்றால் பழைய கோளாறு சரியானதைக் கிட்டின் வெற்றி என்று எழுதிவிடுவோம்.

அப்படி ஒன்று உடனே அகப்பட்டது. பழைய கார்களில் மூக்குக் குழாய்க்குள் ஒரு சிறு கதவு உண்டு. குளிர்ந்த நிலையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலிருந்து சூடான காற்றை எடுக்கும். சூடேறியதும் வெளிக்காற்றுக்கு மாறும். மாற்றுவது ஒரு மெழுகுக் குப்பி. மெழுகு கசிந்து தீர்ந்துவிட்டால் ஸ்பிரிங் அந்தக் கதவை வெப்பப் பக்கமே பிடித்து நிறுத்திவிடும். இந்த வண்டியில் அதுதான் நிலை. வெளியே 31 டிகிரி. ஏர் பில்டர் டப்பாவுக்குள் ஓட்டத்தில் 62 டிகிரி. கதவைக் கையால் குளிர் பக்கம் நிறுத்தியதும் 37.

கெல்வினில் 335-க்கும் 310-க்கும் உள்ள விகிதம் 1.08. அதே பருமனில் 8% அதிகக் காற்று. இன்டேக் மேனிஃபோல்டு தன் பங்குக்குச் சூடேற்றுவதால் எட்டும் முழுதாகக் கைக்கு வராது. ஆனாலும் பாதி வந்தாலே பெரிது. காசு கொடுத்து எந்தக் குழாயை மாட்டும் முன்னும் இந்தக் கதவைப் பார்க்க வேண்டும். கிட்டின் வழிகாட்டித் தாளில் இதுதான் முதல் படி.

கூடவே பிரீதர் ஹோஸ் (எஞ்சின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய்), ஆயில் மூடி வாஷர், டிப்ஸ்டிக் ரப்பர் எல்லாம் மாற்றியாயிற்று. மடல் மீட்டர் வண்டியில் ஆயில் மூடி வழியே புகும் காற்றும் கணக்கில் வராத காற்றுதான்.

ஜனவரி 9

அழுத்த வித்தியாசத்தை நீர் மட்டத்தால் காட்டும் நீர் மானோமீட்டர் தயார். 6 மி.மீ. உள்விட்டத் தெளிவான டியூப், யு வடிவில் பலகையில், ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர், நடுவில் அளவுகோல், நீரில் கொஞ்சம் சாயம். எஞ்சினின் துடிப்பில் நீர் குதிக்காமலிருக்க டியூபுக்குள் ஊசித்துளை போட்ட ஓர் அடைப்பான்.

அளவுத் துளை 2 மி.மீ. டிரில் போட்டபின் உள்பக்கப் பிசிறைக் கட்டாயம் நீக்க வேண்டும். பிசிறு நின்றால் நீர் பொய் சொல்லும். துளை எல்லாம் த்ராட்டிலுக்கு முன்னால் மட்டும். த்ராட்டிலுக்குப் பின்னால் ஐடிலில் வெற்றிடம் 60 கிலோபாஸ்கலை எட்டும். அது 6 மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். பலகையில் இருக்கும் சாயத் தண்ணீர் முழுக்க சிலிண்டருக்குப் போய்விடும்.

ஜனவரி 10

மூன்றாம் கியர், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்து, 5500 ஆர்பிஎம் கடக்கும் கணத்தில் எடுத்த அளவுகள். நீர் மட்டம் மி.மீட்டரில், வெளிக்காற்றோடு ஒப்பிட்டு:

டப்பாவின் அழுக்குப் பக்கம் 170. பில்டரைத் தாண்டிச் சுத்தப் பக்கம் 195. ஃப்ளோ மீட்டருக்குப் பின் 345. த்ராட்டில் வாயில் 370.

இதை அப்படியே கழித்துப் பார்த்து ஃப்ளோ மீட்டர் 150 தின்கிறது என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. டப்பாவுக்குள் காற்று ஏறத்தாழ நிற்கிறது, 60 மி.மீ. குழாயில் வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்துக்கே 29 மி.மீ. அழுத்தம் செலவாகியிருக்கும். அது இழப்பல்ல, உருமாற்றம். ஆக மீட்டரின் உண்மை இழப்பு 121. மொத்தப் பாதைக்கு 341.

பாதி இழப்பு மூக்குக் குழாயில். பில்டருக்கு வெறும் 25. 100 மி.மீ. நீர் என்பது சுமார் ஒரு கிலோபாஸ்கல், வளிமண்டலத்தில் ஒரு சதவீதம். அதாவது பில்டரே இல்லாமல் ஓட்டினாலும் கிடைப்பது கால் சதவீதம். ‘ரேசிங்’ பில்டர் மட்டும் மாட்டிவிட்டு பிக்கப் கூடியதாகச் சொல்பவர்கள் கேட்பது சத்தத்தை.

ஜனவரி 14

ஒப்பீட்டுக்காக டப்பாவைக் கழற்றி, கூம்பு பில்டரை ஃப்ளோ மீட்டர் மேல் நேராக மாட்டிச் சோதனை. அழுத்த இழப்பு நன்றாகவே குறைந்தது: த்ராட்டில் வாயில் 195. வெப்பநிலை மறுபக்கம் போயிற்று. சீரான ஓட்டத்தில் 48 டிகிரி, ஐந்து நிமிடம் நின்றபின் 68. குழாயில் லாபம் 1.7%. வெப்பத்தில் நஷ்டம், ஓடும்போதே 3.4%, நின்று கிளம்பும்போது 9%. ரேடியேட்டர் ஃபேன் ஊதும் காற்றை நேராக எஞ்சினுக்கு ஊட்டுகிற அமைப்பு இது. கைவிட்டாயிற்று.

எனவே மூடிய டப்பா, வெளிக்காற்று, பெரிய மூக்கு. இதில் புதுமை ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரனும் இதைத்தான் செய்தான், அமைதிக்காகக் குழாயைச் சிறுக்கினான்.

ஜனவரி 19

அட்டையில் மாதிரி. டப்பா வண்டியின் உடலோடு இணையும். த்ராட்டில் எஞ்சினோடு ஆடும். நடுவில் நெளியும் இணைப்பு இல்லாவிட்டால் ஃப்ளோ மீட்டர் வார்ப்பு விரியும். எஞ்சின் முறுக்கில் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க, களிமண் உருண்டைகளைப் பானட் உள்புறத்திலும் டப்பா மூலைகளிலும் ஒட்டி, இரண்டாம் கியரில் சட்டென்று மிதித்து விட்டுப் பார்த்தோம். 14 மி.மீ. நகர்வு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்களைப் புதிதாகப் போட்டபின் 9. கிட் வாங்குபவரின் மவுன்ட் கிழமாகத்தான் இருக்கும் என்று வைத்து, எல்லாப் பக்கமும் 20 மி.மீ. இடைவெளி.

ஜனவரி 27

மூக்கின் வாய்க்கு விரிந்த பூவடிவம். குழாய் மொட்டையாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் வேக அழுத்தத்தில் ஏறத்தாழ 0.9 பங்கு அங்கேயே போய்விடும். விளிம்பு உருண்டையாக இருந்தால் 0.05. உருட்டு ஆரம் குழாய் விட்டத்தில் கால் பங்கு என்று வைத்தோம்: 65-க்கு 16 மி.மீ. அதற்கு மேல் பெரிதாக்கினால் இடம்தான் வீண்.

முதல் மாதிரி பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டது. ஓட்டத்தில் தாங்கிற்று. வண்டியை அணைத்து அரை மணி கழித்துப் பானட்டைத் திறந்தால் வாய் நீள்வட்டமாகச் சரிந்திருந்தது. பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும். எஞ்சின் அணைந்தபின் காற்றோட்டம் நின்று பானட்டுக்குள் வெப்பம் ஏறுவது அந்த நேரத்தில்தான். இறுதி வடிவம் கண்ணாடி இழை கலந்த நைலானில்.

பிப்ரவரி 3

டப்பா 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் மடித்து வெல்டிங். பில்டருக்குப் பின்னால் உள்ள சுத்தப் பக்கத்தில் பாப் ரிவெட் ஒன்றுகூடக் கிடையாது. ரிவெட் இழுத்தபின் உள்ளே தங்கும் ஆணித்தலை ஒருநாள் கழன்று விழும், விழுந்தால் நேரே இன்லெட் வால்வு. நட்டும் அப்படித்தான். உள்ளே பெயின்ட் இல்லை. உரிந்தால் அதுவும் எஞ்சினுக்கே. டிரில் பொடியைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, வெள்ளைத் துணியால் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும்வரை.

இணைப்பு ஹோஸ் 4 மி.மீ. கனமுள்ள சிலிகான், நடுவில் பாலியெஸ்டர் துணி. சாதா சிலிகான் பிரீதர் ஆயில் ஆவியில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். ஆகவே உள்பக்கம் ஃப்ளோரோசிலிகான் பூச்சுள்ள வகை.

பிப்ரவரி 6

இழப்பு அளவு: அழுக்குப் பக்கம் 170 இருந்தது 38 ஆயிற்று. த்ராட்டில் வாயில் 238. வெப்பநிலை ஓட்டத்தில் 36, ஐந்து நிமிடம் நின்றபின் 45.

132 மி.மீ. மிச்சம், 1.3% காற்று. அதுவும் 5500-இல். பாதி வேகத்தில் அதில் கால்வாசி. மூன்றாம் கியரில் 2500 முதல் 5500 வரை நேரம் எடுத்துப் பார்த்தோம், ஒவ்வொரு திசையிலும் மூன்று முறை. ஒரே அமைப்பிலேயே ஓட்டத்துக்கு ஓட்டம் 0.2 வினாடி மாறுகிறது. கிட்டின் வித்தியாசம் அதற்குள் முங்கிவிடுகிறது. விற்பனைத் தாளில் குதிரைத்திறன் எண் எதுவும் போடப்போவதில்லை. அழுத்தமும் வெப்பநிலையும் மட்டும் போடலாம்.

3000 ஆர்பிஎம்மில் கேபினுக்குள் ஒரு உறுமல் வந்திருக்கிறது. அது தனிப் பிரச்சினை.

பிப்ரவரி 8

உறுமலின் கணக்கு எளிது. நான்கு சிலிண்டர் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இழுக்கும். 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 100 துடிப்பு. கம்பெனி மூக்கில் தொங்கிக்கொண்டிருந்த அந்த வெற்று பிளாஸ்டிக் குடுவை அலங்காரத்துக்கு வைத்ததல்ல, இதை விழுங்கத்தான். அதைக் ‘காற்றைத் தடுக்கிற குப்பை’ என்று வெட்டி எறிபவர்கள் உண்டு. காற்று அதன் வழியே போவதே இல்லை.

சத்தத்தை அடக்கக் கால் அலைநீளக் குழாய் என்றால் 88 செ.மீ. வேண்டும், இடமில்லை. கழுத்துள்ள குடுவைதான் வழி. கழுத்து 30 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம், இரு முனைத் திருத்தமும் சேர்த்து 75 மி.மீ. என்று எடுத்தால் 100 துடிப்புக்குக் குடுவை 3 லிட்டர். சக்கர வளைவுக்கும் பம்பருக்கும் நடுவே அது அடங்கிற்று. உறுமல் போய், 4000-க்கு மேல் மட்டும் இழுவைச் சத்தம். அது இருக்கட்டும்.

பிப்ரவரி 11

எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் மாட்டிக் காற்று–பெட்ரோல் கலவை பார்த்தாயிற்று. சென்சார் கிடைமட்டத்துக்குப் பத்து டிகிரியாவது மேலே சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சைலன்சர் நீர் அதில் தேங்கி உடைக்கும். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு இருந்தால் எல்லா அளவும் வறட்சியாகவே, அதாவது பெட்ரோல் குறைவாகவே, காட்டும்.

இரண்டு கோளாறு. ஐடில் ஏறி இறங்குகிறது. முழு மிதியில் லாம்டா (கலவை அளவு: 1 சரியான விகிதம், குறைந்தால் பெட்ரோல் அதிகம்) முன்பு 0.86 இருந்தது 0.92 ஆகியிருக்கிறது. இரண்டாவதை விட்டுவைத்தால் நாக்கிங் (கலவை தானே வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும்.

ஐடில் காரணம் புகை விட்டதும் தெரிந்தது. பிரீதர் வாயை அடைத்துவிட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து மிகக் குறைந்த அழுத்தத்தில் புகை. ஐடில் வால்வுக்குப் போகும் கிளைக் குழாயின் முனையில் உருட்டு விளிம்பு இல்லை. கிளாம்ப் இறுக்கியும் ஹோஸ் நழுவியிருக்கிறது. எல்லா முனைக்கும் 2 மி.மீ. விளிம்பு.

வறண்ட கலவைக்குக் காரணம் கசிவல்ல. மீட்டரின் வாய்க்கு எதிரே டப்பாச் சுவர் மிக அருகில். காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து மடலின் கீல் ஓரத்தில் மோதுகிறது. மடல் குறைவாகத் திறக்கிறது. கம்ப்யூட்டர் குறைந்த காற்று என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. பலர் இந்தக் கட்டத்தில் மீட்டர் மூடியைப் பிளந்து ஸ்பிரிங் பல்சக்கரத்தைத் தளர்த்துவார்கள். அது ஐடில் முதல் உச்சம் வரை எல்லாவற்றையும் நகர்த்தும். பெயின்ட் குறி வைக்காமல் திருப்பினால் திரும்ப வரவும் முடியாது. சுவரை 25 மி.மீ. பின்தள்ளி, மீட்டர் வாயைச் சுற்றி 12 மி.மீ. ஆரத்தில் உருட்டிய சட்டம் ஒன்று. லாம்டா 0.87. பல்சக்கரத்தில் யாரும் கை வைக்கவில்லை.

பிப்ரவரி 15

தண்ணீர். மூக்கு ஹெட்லைட்டுக்குப் பின்னால், கம்பெனி வாய் இருந்த உயரத்துக்குக் கீழே இறங்காமல். பம்பருக்கு அடியில் வைத்தால் இரண்டு டிகிரி குளிர்ச்சி கூடக் கிடைக்கிறது. தேங்கிய நீரில் ஒருமுறை இறங்கினால் கனெக்டிங் ராட் வளையும். டப்பாவின் அழுக்குப் பக்கத்து மிகத் தாழ்ந்த மூலையில் 5 மி.மீ. வடிகால் துளை. சுத்தப் பக்கத்தில் துளை கூடாது, அது வடிகட்டாத காற்று.

கார்புரேட்டர் மாடலுக்கான கிட்டில் வெப்பக் கதவை எடுக்கவில்லை, புது மெழுகுக் குப்பியோடு வைத்திருக்கிறோம். குளிர்ந்த ஈரக் காற்றில் பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியால் கார்புரேட்டர் தொண்டையில் பனிக்கட்டி கட்டும். எஞ்சின் திணறி நிற்கும். பத்து நிமிடம் கழித்து உருகி ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும், தேடிக் கண்டுபிடிக்க முடியாத கோளாறு.

பிப்ரவரி 22

அதே மாடலில் இரண்டாவது வண்டி. பேட்டரித் தட்டுத் துளைகள் முதல் வண்டியைவிட 6 மி.மீ. விலகியிருக்கின்றன, பக்கவாட்டுத் தகடு எப்போதோ அடிபட்டுத் தட்டி நேராக்கியது. மூன்று தாங்கிகளில் இரண்டுக்கு 7 × 16 மி.மீ. நீள்துளை, எம்6 போல்ட், அகல வாஷர், அடியில் ரப்பர் புஷ். மூன்றாவது மட்டும் வட்டத் துளை, அதை முதலில் மாட்டி, ஹோஸ் இழுபடாமல் அமர்ந்தபின்தான் மற்ற இரண்டையும் இறுக்க வேண்டும். வழிகாட்டித் தாளில் இந்த வரிசை மாறியிருந்தது, திருத்தியாயிற்று.