கோயில் எந்தப் பக்கம் பார்க்கிறது? புதுக்கோட்டையில் கேமராவும் காருமாக மூன்று நாள்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீதிமன்றம் வண்டிகளை எண்ணச் சொல்லும் நிலைக்கு அந்த மலைகள் வந்துவிட்டன. படம் எடுக்கக் கிளம்புகிறவருக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மலைப்பாதை நெரிசலில் காலை இரண்டு மணி நேரம் கழிந்தால் அன்றைய நல்ல ஒளி அத்தோடு போயிற்று.

கூட்டமில்லாத இடம் வேண்டுமென்றால் யாருக்கும் தெரியாத ஊரைத் தேடி அலைய வேண்டாம். வரைபடத்தில் இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு நெடுஞ்சாலை போகிறது. புதுக்கோட்டை வழியாக ராமேஸ்வரம் பக்கம் இன்னொன்று போகிறது. மதுரை போகிறவர்கள் விராலிமலையில் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் திருமயம் கோட்டையைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த இரண்டு சாலைகளுக்கும் இடையில், புதுக்கோட்டை நகரைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள், கொடும்பாளூர், சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை எல்லாம் கிடக்கின்றன. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய கற்கள். வார நாளில் போனால் காவலரும் ஆடு மேய்ப்பவரும் தவிர ஆளைப் பார்ப்பது அரிது.

மூன்று இரவும் புதுக்கோட்டையிலேயே தங்குங்கள். தினம் ஒரு ஊரில் அறை மாற்றினால் காலை ஒளி பெட்டி கட்டுவதில் போகும், மாலை ஒளி புது விடுதியைத் தேடுவதில் போகும். ஒரே ஊரில் இருந்தால் எந்த இடமும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள்தான். ஓர் இடத்துக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று இரண்டு தடவை போகலாம். இந்த வட்டாரத்தில் அது அவசியமும் கூட.

காரணம், கோயில்கள் பார்க்கும் திசை. பெரும்பாலான சிவன் கோயில்கள் கிழக்கு நோக்கியவை. காலை ஒளி முகப்பில் விழும். ஆனால் இங்கே படம் எடுப்பவர் தேடி வரும் மூன்று இடங்கள் மேற்கு நோக்கியவை: கொடும்பாளூர் மூவர் கோயில், நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம், சித்தன்னவாசல் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. இது தெரியாமல் விடியற்காலையில் போய் நின்றால் முகப்பு முழுக்க நிழலில் இருக்கும், பின்னால் வானம் வெளுத்துக் கிடக்கும். கேமராவை எப்படித் திருகினாலும் அந்தப் படம் தேறாது.

அடுத்தது மாதம். புதுக்கோட்டை ஏறத்தாழ 10.4 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 17, ஆகஸ்ட் 25 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மீதி மாதங்களில் தெற்கே. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட 56 பாகை உயரம்தான் ஏறும், அதுவும் தெற்கில். அதனால் தெற்குச் சுவரின் தட்சிணாமூர்த்தியை எடுக்க டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். வடக்குச் சுவரின் பிரம்மாவுக்கு நேர்வெயில் வேண்டுமானால் மே, ஜூன், ஜூலையில் காலை ஏழரைக்கு முன்னோ மாலை ஐந்துக்குப் பின்னோ வர வேண்டும். டிசம்பரில் வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழல். நிழல் கெட்டது என்று சொல்லவில்லை. கோட்டத்துச் (சுவர் மாடத்து) சிற்பத்தின் முக நெளிவு சமமான நிழல் ஒளியில் தெளிவாகவே வரும். எது கிடைக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

இங்கே மாலை ஒளி விரைவாகத் தீர்ந்துவிடும். சூரியன் 10 பாகை உயரத்திலிருந்து அடிவானம் தொட நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். மறைந்த பிறகு அந்திவெளிச்சம் சுமார் 22 நிமிடம். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லித்தரும் நீண்ட பொன்னொளியை நம்பித் திட்டமிட்டால் பாதி வேலையில் இருட்டிவிடும். நவம்பர் கடைசியில் 5.50 வாக்கிலும் ஜூன் கடைசியில் 6.40 வாக்கிலும் சூரியன் மறைகிறது. மறைவுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இடத்தில் இருங்கள். முதல் ஒரு மணி நேரம் கேமராவை எடுக்காமல் சுற்றி வருவதற்கு.

முதல் நாள் மதியம் ஒன்றரைக்குத் திருச்சியை விட்டுக் கிளம்பினால் விராலிமலை தாண்டிக் கொடும்பாளூர் ஒரு மணி நேரம். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத் தலைவன் பூதி விக்கிரமகேசரி 10-ஆம் நூற்றாண்டில் தன் பெயரிலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களிலும் மூன்று விமானங்கள் எடுத்தான். வடக்கே இருந்தது அழிந்து அடித்தளம் மட்டும் மிச்சம். நடுவிலும் தெற்கிலும் உள்ள இரண்டும் முழுதாக நிற்கின்றன. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் மேற்கிலிருந்து தெற்கே விலகி மறைவதால் மேற்கு முகப்பும் தெற்குச் சுவரும் ஒரே நேரத்தில் ஒளி வாங்கும். தென்மேற்கு மூலையில் நின்றால் இரண்டு விமானமும் ஒன்றையொன்று மறைக்காமல், ஆழத்தோடு அமையும். கோடை மாதங்களில் அதே வேலைக்கு வடமேற்கு மூலை.

அகல லென்ஸை மாட்டிக்கொண்டு விமானத்தின் அடியில் போய் நிற்பதுதான் இங்கே அதிகம் பார்க்கிற தவறு. 16 மி.மீ. லென்ஸை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாயும், சிகரம் சுண்டைக்காயாகிவிடும். வளாகத்தில் பின்னால் போக இடம் தாராளமாக இருக்கிறது. 35 அல்லது 50 மி.மீ. போட்டு, கேமராவை மட்டமாகப் பிடித்து, தேவைப்பட்டால் மேலே வானத்தை அதிகமாக விட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். அர்த்தநாரி, வீணை ஏந்திய சிவன் போன்ற மேல்தளச் சிற்பங்களுக்கு 70-200 மி.மீ. லென்ஸ் வேண்டும். சூரியன் 60 பாகைக்கு மேல் இருக்கும்போது கபோதத்தின் (சுவருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல் விளிம்பின்) நிழல் சிற்பத்தின் முகத்தை மூடிவிடும். அதற்கு மருந்து காத்திருப்பதுதான்.

சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் ஒரு விதத்தில் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று உண்டு. சித்தன்னவாசல் குன்றின் கிழக்கில் ஏழடிப்பட்டம்: வழுவழுப்பான 17 கல் படுக்கைகள், பழைய தமிழ்ப் பிராமி எழுத்து. மேற்கில் ஓவியங்கள் உள்ள அறிவர் கோயில். நார்த்தாமலையில் மேலமலைப் பாறையில் இரண்டு குகைகள் கிழக்கு நோக்கி; அவற்றுக்கு எதிரே விஜயாலய சோழீச்சரம் மேற்கு நோக்கி. ஆக, இரண்டாம் நாள் காலை ஏழடிப்பட்டம், மாலை சோழீச்சரம். மூன்றாம் நாள் காலை நார்த்தாமலைக் குகைகள், பிற்பகல் அறிவர் கோயில். இரண்டு இடமும் நகரத்திலிருந்து 16, 17 கிலோமீட்டர்தான், எரிபொருள் பெரிய செலவாகாது. வாயில் திறக்கும் நேரத்தை முந்தைய நாளே காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நார்த்தாமலையில் அடிவாரம் வரை கார் போகும். பிறகு வெறும் பாறையில் இருபது நிமிட நடை. செங்குத்தான ஏற்றம் இல்லை. ஆனால் மழை பெய்த மறுநாள் பாசி படிந்த இடங்கள் வழுக்கும், அங்கே கருமையான தடத்தை விட்டு வெளுத்த கல்லில் கால் வையுங்கள். சோழீச்சரம் 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். முத்தரையர் குலச் சிற்றரசர் எடுப்பித்தது. கீழே சதுரத் தளங்கள், மேலே வட்டச் சிகரம், உள்ளே கருவறையும் வட்டம். சுற்றிலும் சிறு பரிவார சந்நிதிகள். இந்தக் கோயிலின் அழகு அது நிற்கும் இடத்தோடு சேர்ந்தது. ஆகவே கோயிலை மட்டும் சட்டகத்தில் அடைக்காமல் பாறைச் சரிவில் ஏறிக் கொஞ்சம் உயரத்திலிருந்து எடுங்கள். விமானத்துக்குப் பின்னால் கிழக்கே சமவெளி விரியும். எதிரில் மேற்கே பாறை உயர்ந்திருப்பதால் கடைசி ஒளிவரை காத்திருக்க முடியாது. நிழல் கீழிருந்து ஏறத் தொடங்கிவிடும். மூன்றரைக்கெல்லாம் மேலே இருங்கள். துவாரபாலகர்களுக்கு நாலு மணி வெயில் போதும்.

குகைகளில் ஒன்று பழியிலி ஈசுவரம். மற்றதைச் சமணர் குடகு என்பார்கள். அதனுள்ளே சுவரில் 12 திருமால் உருவங்கள், ஆளுயரத்தில், வரிசையாக. காலை ஒளி முன்தளத்துப் பாறையில் பட்டு உள்ளே எதிரொளிக்கும்போது அவை நன்றாக எழும்பி வரும்.

அறிவர் கோயிலில் வேறு வகைச் சிக்கல். தாமரைக் குள ஓவியம் கூரையில் இருக்கிறது. முன்னாலுள்ள தூண் மண்டபம் புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலைத் தூண்களைக் கொண்டுவந்து கட்டியது. அது ஓவியத்தைக் காக்கிறது, கூடவே வெளிச்சத்தையும் குறைக்கிறது. பிளாஷ் கூடாது. தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். அங்கே படம் எடுக்க அன்று அனுமதி உண்டா என்று காவலரிடம் முதலில் கேளுங்கள். இல்லை என்றால் விவாதம் வேண்டாம், கண்ணால் பாருங்கள். உண்டென்றால் ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/30 நொடி. தோளைச் சுவரில் படாமல் வைத்து மூச்சை விட்டபின் அழுத்துங்கள். அந்தச் சுண்ணப்பூச்சு ஒரு தோள் உரசலைக்கூடத் தாங்காது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றிப் பறக்கவிடுவது குற்றம்.

குடுமியான்மலைக்கு இசைக் கல்வெட்டுக்காகப் போகலாம். கிரந்த எழுத்தில் பண்களின் சுரக்கோவைகள் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் வெட்டியிருக்கின்றன. எழுத்துத் தெரிய வேண்டுமானால் ஒரு சிறு டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். சுண்ணாம்பு, மாவு, தண்ணீர் எதையும் கல்வெட்டில் தடவாதீர்கள். திருமயம் கோட்டை 1687-இல் சேதுபதி காலத்தில் எழுந்தது. உச்சிப் பீரங்கி மேட்டில் மாலை நன்றாக இருக்கும். அவ்வளவுதான் அதற்கு நேரம் ஒதுக்குவேன்.

காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை பாறையில் இருக்காதீர்கள். கருங்கல் காலைச் சுடும், சந்நிதியில் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும். பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். அந்த நேரத்துக்குத் திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, 1910-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் காரிலேயே இருக்க வேண்டும், மலைமேல் எதுவும் கிடைக்காது.

காரைப் பற்றிச் சில. ஏசி போட்ட காரிலிருந்து இறங்கிய உடனே பையைத் திறந்தால் குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் ஆவியாகப் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். உள்கண்ணாடியில் படிந்தால் அரை மணி நேரம் போச்சு. சேருவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், பை மூடியே இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் கொள்ளு, உளுந்து, எள் செடிகளைக் காயப்போட்டிருப்பார்கள். அவர்களுக்கு வண்டி ஏறினால் நல்லதுதான், மணி உதிரும். ஆனால் கார் அடியில் தண்டு சுற்றிச் சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். ஒதுங்க வழியில்லாமல் அதன்மேல் ஓட்டினால் நூறு மீட்டரில் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள், சூடு ஆறியதும் தண்டை உருவிவிடுங்கள். வரைபடச் செயலி குறுக்குவழி என்று கண்மாய்க்கரைமேல் அனுப்பும். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை, பின்னோக்கித்தான் வர வேண்டும். இலுப்பூர், அன்னவாசல் வழியே பேருந்து போகும் சாலையைப் பிடியுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று திருச்சியிலேயே பாருங்கள். வேகத்தடைகளுக்கு வெள்ளைக்கோடு இருக்காது, இரவில் 40-க்கு மேல் வேண்டாம்.

போகக்கூடாத நாட்களும் உண்டு. காணும் பொங்கலன்று சித்தன்னவாசலில் குடும்பங்கள் கூடும். பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா, தைப்பூசத்தில் விராலிமலை. பொங்கல் முடிந்து பல வாரங்களுக்கு ஏதாவது ஓர் ஊரில் ஜல்லிக்கட்டு இருக்கும், அன்று அந்தச் சாலை அடைபடும். அவை அந்த ஊர்க்காரர்களின் நாட்கள். திருவிழாவை எடுக்க வருகிறவர் வரட்டும். கல்லை எடுக்க வருகிறவர் வேறு வாரம் பார்க்கலாம். பிப்ரவரி முதல் பாதியில் செவ்வாய் முதல் வியாழன் வரை எனக்குப் பிடித்த நேரம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டென்றால் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், சூரியனும் இன்னும் தெற்கில் இருக்கும்.

நமனசமுத்திரம் பக்கம் அய்யனார் கோயில் தோப்புகளில் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பங்கள் செய்து, புரவி எடுப்புத் திருவிழாவில் ஊரார் தூக்கி வந்து வைத்தவை. உடைந்து கிடப்பதையும் நகர்த்தி வைத்துச் சட்டகம் அமைக்காதீர்கள், அது நேர்ந்துவிட்ட பொருள். பூசாரியையோ வேளாரையோ படம் எடுப்பதானால் முதலில், "ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். எடுத்ததை அன்று மாலையே புதுக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் அச்சுப் போட்டு மறுநாள் காலை கொண்டுபோய்க் கையில் கொடுக்கலாம். மூன்று நாளும் ஒரே ஊரில் தங்குவதால் இது முடிகிறது.