விதை மானியம் கேட்கப் போகும் சபைகளுக்கு: முதலில் வரிவிலக்குக் கடிதத்தைத் தேடி எடுங்கள்

எங்கள் சபையின் சுகாதார ஊழியத்துக்கு விதை மானியம், அதாவது புதிதாக ஒன்றைத் தொடங்கிவைக்கத் தரும் பணம், கிடைத்துவிட்டது, முதல் வருடக் காசோலை கணக்கில் ஏறியும் விட்டது. சந்தோஷம்தான். ஆனால் வரிவிலக்குக்கான ஒரே ஒரு தாள் இல்லாததால் ஒரு முழு விண்ணப்பச் சுற்று கைவிட்டுப் போனதில் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம்மூர் நர்ஸ்கள் பலர் லுத்தரன் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அதையே ஒழுங்கான ஊழியமாக்க கிராண்ட் கேட்கும் யோசனை இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் இருப்பது இல்லினாயில் ஒரு சின்ன ஊர். சபையில் பெரும்பாலானவர்கள் எழுபது தாண்டியவர்கள், பிள்ளைகள் வெளியூரில். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவர்களை முதல் சில வாரங்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் சேர்த்து விழுங்காமல் பட்டியலைச் சரிபார்ப்பது, டாக்டரிடம் அடுத்த தேதி வாங்கிவிட்டார்களா என்று கேட்பது, இவ்வளவுதான் திட்டம். பாஸ்டர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் 1980களில் சிகாகோவை ஒட்டிய பார்க் ரிட்ஜில் தொடங்கிவைத்த பேரிஷ் நர்ஸ் முறைதான் இது. பகுதிநேர நர்ஸுக்குச் சம்பளம், பெட்ரோல் செலவு, சில கருவிகள் என்று கேட்டிருந்தோம்.

லுத்தரன்களிடம் இந்த விதைப் பண வழக்கம் பழையது. 1905 வாக்கில் கொலராடோவில் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்திலிருந்து வளர்ந்ததுதான் வீட் ரிட்ஜ் அறக்கட்டளை, இப்போது வீ ரெய்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. காசநோய்க்கு மருந்து வந்து சானடோரியங்களுக்குத் தேவை குறைந்தபோது, அந்தக் காணிக்கைப் பணம் புதிய சுகாதார ஊழியங்களைத் தொடங்கிவைக்கப் போனது. நாங்கள் விண்ணப்பித்தது வேறொரு அமைப்பு, ஆனால் போக்கு ஒன்றுதான்: புதிதாகத் தொடங்குவதற்கு மட்டுமே பணம், அதுவும் சில வருடங்களுக்கு, வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். கூரை மாற்ற, கடன் அடைக்க, ஏற்கெனவே நடப்பதை ஓட்டிக்கொண்டிருக்க என்று கேட்டால் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

முதல் கட்டம் சுருக்கமான ஒரு கடிதம், அது சுலபமாகவே முடிந்தது. முழு விண்ணப்பம் அனுப்பச் சொல்லி அழைத்தார்கள். அதில் வரிவிலக்குச் சான்று இணைக்கவும் என்று ஒரு வரி இருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

பிரச்சினை இதுதான். மற்ற தொண்டு நிறுவனங்களுக்கு 501(சி)(3), அதாவது வரிவிலக்கு பெற்ற நிறுவனம் என்று வருமானவரித் துறை தந்த தனிக் கடிதம் இருக்கும். சபைகளுக்கு அப்படித் தனிக் கடிதம் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் திருச்சபை என்றாலே சட்டப்படி தானாகவே விலக்கு உண்டு, அதோடு தேசிய அளவிலான திருச்சபை அமைப்பு வாங்கிவைத்திருக்கும் குழு விலக்குக்குள் சபைகளும் அடங்கிவிடும். அதனால் வருமானவரித் துறையின் தேடல் பக்கத்தில் எங்கள் சபைப் பெயரைப் போட்டால் ஒன்றுமே வராது. விண்ணப்பப் பக்கமும் எங்கள் வரி எண்ணை வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு நிறுவனம் இல்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. எத்தனையோ பத்தாண்டுகளாக மணி அடித்து ஆராதனை நடக்கும் சபையை இல்லை என்று சொல்வதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

எங்கள் பகுதிக்கான திருச்சபை அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்த அலுவலர், சபைகளுக்குக் கடிதமே தேவையில்லை, உங்களிடம் இருக்கும் ஈ நம்பர் தாளை இணையுங்கள், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள் என்று அடித்துச் சொன்னார். ஈ நம்பர் என்பது இல்லினாய் மாநிலம் தரும் விற்பனை வரி விலக்கு, கடையில் நாற்காலி வாங்கும்போது காட்டுகிற தாள். இது வேறு வரியல்லவா என்று கேட்டேன், அதுவே போதும் என்றார். எழுத்தில் தரச் சொல்லி மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. நேரில் பேசலாம் என்று லீவு போட்டு, நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போனால், கோடையில் வெள்ளிக்கிழமை அலுவலகம் கிடையாது என்று கதவில் ஒட்டியிருந்தது. போனில் பேசியபோது அதைச் சொல்லியிருக்கலாம்.

கடைசித் தேதி நெருங்கிவிட்டதால் அந்தத் தாளையே இணைத்து அனுப்பினோம். திரும்பி வந்தது. திட்டம் நன்றாக இருக்கிறது, கூட்டாட்சி வரிவிலக்குக்குச் சான்று இல்லாததால் இந்தச் சுற்றில் தேர்வுக் குழுவின் முன் வைக்க முடியாது, அடுத்த சுற்றுக்கு வாருங்கள் என்று பதில். அந்த இடைவெளியில், நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க நினைத்திருந்த பெரியவர்களில் ஒருவர் மாத்திரைக் குழப்பத்தில் விழுந்து திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனார். மானியம் அப்போதே வந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் விண்ணப்பித்த அமைப்பின் அலுவலர் மட்டும் நல்ல மனுஷி. போனிலேயே பொறுமையாகச் சொன்னார், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய திருச்சபைக்கு வருமானவரித் துறை தந்த குழு விலக்குக் கடிதத்தின் நகல் ஒன்று. உங்கள் சபை அதில் அடங்கும் என்று திருச்சபையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். வரி எண் உங்கள் சபையுடையதுதான் என்பதற்கு ஒரு சான்று. முதல் இரண்டுக்கும் பகுதி அலுவலகத்தை விட்டுவிட்டு நேராக தேசிய அலுவலகத்துக்கே எழுதினோம், சிரமமில்லாமல் வந்துவிட்டன!

மூன்றாவதுதான் இழுத்தது. வரி எண் கொடுக்கும்போது வருகிற சிபி 575 என்ற அறிவிப்பு ஒரே ஒரு முறைதான் அச்சாகும், தொலைந்தால் மறுபடி தர மாட்டார்கள். எங்களுடையது எந்தப் பொருளாளர் வீட்டுப் பரணில் போனதோ. அதற்குப் பதிலாக 147சி என்ற கடிதம் கேட்கலாம், போனில்தான் கேட்க வேண்டும், அதையும் சபை சார்பாகப் பேச அதிகாரம் உள்ளவர்தான் கேட்க முடியும். பதிவில் பொறுப்பாளராக இருந்த பெயரோ எப்போதோ ஓய்வு பெற்றுப் போன பாஸ்டருடையது. முதலில் 8822-பி படிவம் அனுப்பிப் பொறுப்பாளர் பெயரை மாற்றினோம். பொறுப்பாளர் மாறினால் 60 நாளுக்குள் அந்தப் படிவம் அனுப்ப வேண்டும் என்பதே விதி, பாஸ்டர் மாறும்போதெல்லாம் இதை யாராவது ஞாபகம் வைத்துச் செய்யுங்கள். அப்புறம் எங்கள் பொருளாளர், எண்பதைத் தாண்டியவர், காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்து காத்திருந்து கடைசியில் ஆளைப் பிடித்தார். ஃபேக்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்களாம். தூக்கிப் போடச் சொல்லி நாங்களெல்லாம் சண்டை போட்ட அந்தப் பழைய ஃபேக்ஸ் மிஷினில், அவர் போனை வைப்பதற்குள் 147சி வந்து விழுந்தது! அலுவலக அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினோம்.

மற்றதெல்லாம் எழுத்து வேலை. அதில் இரண்டு இடம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பங்காளி அமைப்பின் ஆதரவுக் கடிதம். அருகிலிருக்கும் ஆஸ்பத்திரியில் மக்கள் தொடர்பு ஆட்களிடம் கேட்டால் சிரித்துப் பேசிவிட்டு மறந்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் பார்க்கும் கேஸ் மேனேஜரிடம் போங்கள். 2012 அக்டோபரிலிருந்து, இதயச் செயலிழப்பு, நிமோனியா மாதிரி சில நோய்களுக்கு வீட்டுக்குப் போனவர் 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆவது அளவுக்கு மீறினால் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அந்த ஆஸ்பத்திரிக்குத் தரும் பணத்தில் 3 சதவீதம் வரை பிடிக்கிறது. உங்கள் ஊழியத்தால் அவர்களுக்கு என்ன லாபம் என்று அந்த அம்மாவுக்கு நாம் விளக்கவே வேண்டியதில்லை. எனக்கு வந்த கடிதம் நான் கேட்டதைவிடப் பலமாக இருந்தது.

இரண்டு, விளைவு என்ற பகுதி. இத்தனை பேருக்கு பிரஷர் பார்ப்போம் என்று எழுதினால் அது செய்த வேலையின் கணக்குதான், அதற்கு மதிப்பெண் இல்லை. 130/80-க்கு மேல் இருந்தவர்களில் எத்தனை பேர் டாக்டரைப் பார்த்தார்கள், எத்தனை பேருக்குக் குறைந்தது என்று எழுதினால்தான் படிக்கிறார்கள்.

கடைசியாக போன் நேர்காணல். பணம் நின்ற பிறகு என்ன செய்வீர்கள் என்பதையே விதவிதமாகக் கேட்டார்கள், ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்ற பதில் அங்கே போதாது. எங்கள் சபையில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் கூடும் வாக்காளர் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானம் போட்டிருந்தோம்: மானியம் குறையக் குறைய அந்த அளவுக்குச் சபையின் பட்ஜெட்டிலிருந்து நர்ஸ் சம்பளம் ஏறும் என்று. பொருளாளர் அந்தத் தீர்மானத்தை வாசித்ததும் அந்தப் பக்கம் குரலே மாறியது எனக்குக் கேட்டது. இந்தத் தீர்மானம் இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

இன்னும் சில்லறை விஷயங்கள். நர்ஸ் வீடுகளுக்குப் போவதற்குக் காப்பீடு உண்டா என்று சபையின் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். காசோலை சபையின் பதிவுப் பெயரில்தான் வரும், வங்கிக் கணக்கு நாம் கூப்பிடும் சின்னப் பெயரில் இருந்தால் கவுண்டரில் நிறுத்திவைப்பார்கள், எங்களையும் நிறுத்தினார்கள். அடுத்த வருடப் பணம் முதல் அறிக்கையைப் பார்த்த பிறகுதான் வரும், அதனால் முதல் வீட்டுக்குப் போகும் நாளிலேயே கணக்கு எழுதத் தொடங்குங்கள். தேசிய அலுவலகத்துக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் வாசகம் என்னிடம் இருக்கிறது, வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.