12 மைக்கும் ஒரு வால்ட்ஸும்

ராக் குழு ஒலிப்பதிவுக்கு வந்தால் முதல் நாள் காலை டிரம்ஸுக்கே போய்விடும். அன்றும் அப்படித்தான். கிக் டிரமுக்கு இரண்டு மைக், ஸ்னேர் என்ற சிறு டிரமுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, டாம்களுக்கு மூன்று, ஹைஹாட்டுக்கு ஒன்று, தலைக்கு மேலே இரண்டு, அறையின் முழக்கத்தைப் பிடிக்க இரண்டு. ஆக 12. கேபிள்களை ஒழுங்குபடுத்தி நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது.

குழுவின் ஐவரையும் ஒத்திகையில் கேட்டிருந்தேன். அன்றிரவு படுத்த பிறகும் காதில் இரைச்சல் அடங்கவில்லை. முதல் சிங்கிளுக்கு, அதாவது தனியாக வெளியிடும் முதல் பாட்டுக்கு, அந்த இடிமுழக்கத்தைத்தான் கொண்டுவருவார்கள் என்று நம்பியிருந்தேன். மதியம் பாடகி நைலான் கம்பி கிடாரோடு வந்து உட்கார்ந்து, மூன்று தட்டில் மெல்ல அசையும் ஒரு வால்ட்ஸை வாசித்தார். "இதுதான் முதலில் வெளியாகப்போகிறது" என்றார். டிரம்ஸ் கலைஞருக்கு ஸ்னேரும், குச்சிக்குப் பதில் தோலை வருடும் ஒரு ஜோடி பிரஷும் மட்டும். என் 12 மைக்கில் பத்துக்கு அன்று வேலை இல்லை.

எனக்கு இது பிடிக்கவில்லை. முதல் பாட்டைக் கேட்டவர்கள் குழுவுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்; பிறகு அதை அழிப்பது பெரும்பாடு. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்னைப் போன்ற ஒலிப்பதிவுப் பொறியாளரின் வேலை அல்ல. (இந்த விதியை நானே மீறிய கதை பின்னால் வருகிறது.)

குழுவின் இயல்புக்குப் பொருந்தாத முதல் சிங்கிள் புதிதும் அல்ல. ஹெவி மெட்டலின் முன்னோடிகளான பிளாக் சபாத், 1970இல் முதல் சிங்கிளாக வெளியிட்டது குரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாடலை. பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெனிசிஸ் 1968இல் தன் முதல் சிங்கிளை, பாப் குழுவான பீ ஜீஸின் பாணியில் எழுதியது. தயாரிப்பாளர் ஜொனாதன் கிங்குக்கு பீ ஜீஸ் பிடிக்கும் என்பதே காரணம். அங்கே வேறொருவரின் விருப்பம் ஸ்டூடியோவுக்குள் நுழைந்திருந்தது. என் எதிரே இருந்த ஐவரை யாரும் நெருக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

மெல்லிய பாட்டைப் பதிவது எளிது என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. ஸ்னேரின் தோல் அடிபட்டு வழவழப்பாகிவிட்டிருந்தது. பிரஷ் அதில் வழுக்கியதே தவிர ஒலிக்கவில்லை. சொரசொரப்பான பூச்சுள்ள புதுத் தோலை மாட்டினோம். ஏசியை நிறுத்தினோம். நாற்காலி முனகியது, மாற்றினோம். தாளம் காட்டும் கிளிக் ஒலியை ஹெட்ஃபோனில் வைத்தால் பாட்டு விறைத்துக்கொண்டது. அதையும் எடுத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசிக்கச் சொன்னோம். மூன்றாவது மணி நேரத்தில் டிரம்ஸ் கலைஞர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணா, ஓங்கி அடிப்பது இதைவிடச் சுகம்" என்றார்.

பதிந்தவற்றைக் கலந்து சமப்படுத்தும் மிக்ஸிங்கில் பழைய பயம் தலைதூக்கியது. மற்றப் பாடல்களுக்கு நடுவே இது அமுங்கிவிடாதா? ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களை ஏறத்தாழ மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் உரப்பின் அளவை) என்ற ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. உரப்பைக் கூட்டுவதற்காக மைனஸ் 8க்கு நசுக்கப்பட்ட பாடலை ஆறு டெசிபல் இறக்கிவிடும்; நசுங்கியது நசுங்கியதுதான். மெல்லிய பாட்டுக்கு இதில் நட்டமில்லை. இதையெல்லாம் அடுத்தவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். என் கைதான் நம்பவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று கிடார் கலைஞரிடம் டிஸ்டார்ஷனில், அதாவது கரகரக்கும் மின் கிடார் ஒலியில், நான்கு நீண்ட கார்டுகளை வாங்கி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல் கடைசிச் சரணத்தின் அடியில், 20 டெசிபல் குறைத்து, அதைச் சொருகினேன். காதுக்குத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஐவரும் வந்து கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் கலைஞர் நெற்றியைச் சுருக்கினார். "கடைசியில் யாரோ கதவுக்குப் பின்னால் நிற்பது போல இருக்கிறதே, அண்ணா?"

ஒன்றும் பேசாமல் அந்த ட்ராக்கை மியூட் செய்தேன். மறுபடி ஓட்டியபோது, கடைசிச் சரணத்தில் பிரஷ் தோலைவிட்டு எழும் ஓசை கேட்டது. முந்தின இரவு அதன் மேல்தான் கார்டுகளைப் போட்டிருந்தேன்.

இரண்டாவது சிங்கிளுக்கு அவர்கள் வந்தபோது பழைய பதிவின் கணினிக் கோப்பையே திறந்து வேலையைத் தொடங்கினேன். இம்முறை 12 மைக்கும் வேண்டுமாம். திரையில் மியூட் செய்யப்பட்டுக் கிடந்த ஒரு ட்ராக்கைக் காட்டி, "இது என்ன அண்ணா?" என்றார் டிரம்ஸ் கலைஞர். கிக் டிரம் மைக் சற்றுச் சாய்ந்திருப்பதாகச் சொல்லி, அதைச் சரிசெய்யப் போய்விட்டேன்.